கடைவாயில் நாலாவது வழி

நம் சபையில் நோய் நீங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். இருதய ஆபரேஷன் ஆனவர்கள் சொல்வார்கள், கட்டி எடுத்தவர்கள் சொல்வார்கள். பல்லுக்காக ஒருத்தி எழுந்து நின்றால் பின்வரிசையில் சிரிப்பார்கள். அதனால் நான் நிற்கவில்லை. ஆனால் நம் பெண்கள் கூட்டத்திலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். கேட்டால், "புடுங்கிடலாம்னு இருக்கேன்" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், என் பெயரை எழுத வரும், இவ்வளவு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஸ்டெல்லா எழுதினாள். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, நான் சொல்லாத சொற்களை அடிக்க வைத்திருக்கிறேன்.

நான் கடலைக்காரி. கோயில் மதில் ஓரம் தள்ளுவண்டியில் வேர்க்கடலை வறுத்து விற்கிறேன். அதற்கு முன்னால் நெடுங்காலம் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தேன். கடலையை மணலில் போட்டு வறுக்கும்போது நிறத்தைப் பார்த்து இறக்குகிறவர்கள் உண்டு. நான் ஒன்றை எடுத்து ஊதி, கடைவாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் இறக்குவேன். இடப்பக்கம் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. வலப்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. அவை இரண்டும்தான் ஒன்றையொன்று தொடும். மேல் பல் போய்விட்டால் கீழ்ப் பல் எதிராளி இல்லாமல் சும்மா நிற்க வேண்டியதுதான். என் அக்கா பல் செட்டு வைத்திருக்கிறாள். ஊருக்குப் போகும்போது மாட்டிக்கொள்வாள், சாப்பிடும்போது கழற்றித் தம்ளரில் போட்டுவிடுவாள். அது எனக்கு ஆகாது. குழைத்துப் பிசைந்த சோற்றை ஒருத்தி என் முன்னால் வைத்து, "சாப்பிடு" என்று சொல்லும் நாள் வரக்கூடாது. எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

வலி டீயில்தான் தொடங்கியது. சூடாக ஒரு வாய் குடித்தால் மேல் கடைவாயில் சுள்ளென்று இழுத்து, காதுக்குப் பின்னால் போய் நிற்கும். டீயை விழுங்கிய பிறகும் அது போகாது. கிராம்பை வைத்துக்கொண்டேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஸ்டெல்லாதான் கண்டுபிடித்தாள்.

"அத்தே, நேத்து பொட்டலத்துல பாதி பச்சையா இருந்துச்சாம். பாங்க் காவக்காரர் சொல்லிக்கினு இருந்தாரு. நீ கடிச்சுப் பாக்கறதில்லையா இப்போ?"

"பாக்கறேனே."

"எங்க பாக்கற? கலரப் பாத்து எறக்கற. நான் பாத்துக்கினுதான் இருக்கேன். வாயத் தொற."

வாயைத் திறந்தேன். பல்லின் நடுவில் கறுப்பாகப் பள்ளம் விழுந்திருந்தது என்றாள்.

என் மகன் தாஸ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு எல்லாம் சுலபம்.

"புடுங்கிப் போடும்மா. ஒரு பல்லு போனா என்னா இப்போ?"

"உன் ஆட்டோவுக்கு மூணு சக்கரந்தான? ஒண்ணக் கழட்டிட்டு ஓட்டு, பாக்கலாம்" என்றேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பல் டாக்டரும் எடுத்துவிடலாம் என்றார். வேர் சிகிச்சை செய்யலாம், ஆனால் இந்த வயதில் வேருக்குள் போகிற வழிகள் சுருங்கியிருக்கும், தேடுவது கடினம், கல்லூரி ஆஸ்பத்திரியில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்றார். போய்க் கேட்டுப் பார்க்க எனக்குக் கால் இருந்தது. ஸ்டெல்லா பட்டுச் சேலைக் கடையில் வேலை செய்கிறாள். முகூர்த்த மாதத்தில் விடுப்பு கேட்டால் முதலாளி முறைப்பார். முறைக்கட்டும் என்று என்னுடன் கிளம்பினாள்.

பல் கல்லூரி ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருக்கிறது. காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் திருப்புட்குழிக்காரர் ஒருவர், தாடை ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்த வாயோடும் பேச்சு நிற்கவில்லை.

"எடுக்க வந்தியாமா?"

"இல்ல. காப்பாத்த."

"இந்த வயசுல பல்லக் காப்பாத்தி யாரக் கடிக்கப் போற?"

"இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கினு இருந்தீன்னா உன்னத்தான்."

வீங்கிய தாடையோடு அவர் சிரித்து, "அம்மாடி" என்று வலியில் கத்தினார். ஸ்டெல்லா என் முழங்கையை இடித்தாள்.

என்னைப் பார்த்தது மேற்படிப்புப் படிக்கிற ஒரு பெண். நல்ல பெண், மெல்லப் பேசுவாள். சின்ன டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுத்தாள். பிறகு பல்லுக்குள் நரம்புக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி கொண்டுவந்தாள். பேனா போல ஒரு முனை. அதைப் பல்லின்மேல் வைப்பார்கள். கருவியின் கைப்பிடியை நாம் பிடித்தால்தான் மின்சாரம் ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பல்லில் உணர்வு தெரிந்ததும் நாம் பிடியை விட வேண்டும். எவ்வளவு ஏறியபோது விட்டோம் என்பதை வைத்து நரம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். இவ்வளவும் எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

அன்று அவள் சொன்னது இது: "பாட்டி, இதப் பிடிச்சுக்குங்க. சுருக்குன்னு இருந்தா விட்டுடுங்க."

கட்டட வேலையில் சாந்துச் சட்டியை மேலே ஏற்றும் கயிற்றைப் பிடித்தவள் நான். உள்ளங்கையை அறுத்தாலும், மேலே இருக்கிற கொத்தனார் 'ஆச்சு' என்று குரல் கொடுக்கும்வரை அதை விடக்கூடாது. விட்டால் கீழே நிற்கிறவளின் தலை போய்விடும். அந்தக் கைக்கு ஒன்றைக் கொடுத்து, சுருக்கென்றால் விட்டுவிடு என்றால், தாங்க முடியாதவர்கள் விடலாம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தாங்க முடிந்தது. முதலில் எறும்பு கடித்த மாதிரி, பிறகு தேள் மாதிரி. கருவி கடைசிவரை ஏறித் தானாக நின்றது.

"ஒண்ணுமே தெரியலையா பாட்டி?"

"ஒண்ணுமில்ல."

பக்கத்துப் பல்லில் வைத்தாள். அங்கேயும் விடவில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வயதானவர்களுக்கு உணர்வு குறையும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். டீ குடித்தால் வலிக்குமா என்றும் கேட்டாள். "லேசா" என்றேன். வெளியே வந்தபோது பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது எனக்கு.

நரம்பு செத்துவிட்டது, மரத்துப்போகும் ஊசி தேவைப்படாது என்று முடிவு செய்துதான் அடுத்த முறை வேலையைத் தொடங்கினாள். பல்லைச் சுற்றி நீல ரப்பர்த் தாள் ஒன்றை மாட்டினாள். எச்சில் உள்ளே போகாமலும், மருந்து தொண்டைக்குப் போகாமலும் இருக்க அது. ஜன்னலில் தலை நீட்டுவது போல அந்தப் பல் மட்டும் வெளியே நிற்கும். மிஷின் சுற்றியது. ஓரமாக இருந்தவரை ஒன்றுமில்லை. உள்ளே இறங்க இறங்க, கால் கட்டைவிரலிலிருந்து உச்சந்தலைவரை யாரோ கம்பி கோக்கிற மாதிரி இருந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அசையவில்லை. கண் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

மிஷின் திடீரென்று நின்றது. "ஐயோ" என்றாள் சின்ன டாக்டர். துளையிலிருந்து சிவப்பாக, புதிதாக ரத்தம் பொங்கி வந்திருந்தது.

"பாட்டி, வலிக்குதா?"

ரப்பர்த் தாளோடு பேச முடியாது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரை அழைத்துவந்தாள். தலை நரைத்தவர், சிரிப்பதில்லை. துளைக்குள் பார்த்தார், என் காதோரத்து ஈரத்தைப் பார்த்தார், ரப்பர்த் தாளைக் கழற்றினார்.

"செத்த நரம்புல இப்படி ரத்தம் வராதுமா. இது உயிரோட இருக்கு. ஏன் சொல்லல?"

"தாங்கிக்கினேன் சார்."

"தாங்கினது சரி. அந்தப் பொண்ணு கேட்டப்போ வலிக்கலைன்னு தலைய ஆட்டினீங்களே?"

காதோரத்து ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"உங்க பல்லுக்குள்ள நான் நுழைஞ்சு பாக்க முடியாது. ஒண்ணு படம் சொல்லணும், இல்ல கருவி சொல்லணும், இல்ல நீங்க சொல்லணும். நீங்க மறைச்சீங்கன்னா கருவியும் பொய் சொல்லுது. நீங்க சொல்றத நம்பித்தான் இந்தப் பொண்ணு தோண்டுது."

என் வாழ்நாளில் என்னைப் பொய்க்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் பல் திறந்து கிடந்தது. கூரையைப் பிரித்துப் போட்ட வீட்டோடு எங்கே போவது? "ஊசி போடுங்க" என்றேன். சின்ன டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் ஊசியை எடுத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் தாங்கினதற்குப் பழி அவள்மேல் விழுந்திருக்கிறது.

ஊசி போட்டபின் கன்னம் ஆட்டுத்தோல் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அவள் செய்த வேலையை, அப்புறம் திறந்து மூடுகிற பெரிய பிளாஸ்டிக் பல் ஒன்றை வைத்துக் காட்டினாள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர். இரண்டு கன்னப் பக்கம், ஒன்று அண்ணத்துப் பக்கம். பல்லின் வயிற்றில் ஒரு சின்ன அறை. அதற்குக் கூரையும் உண்டு, தரையும் உண்டு. நரம்பு குடியிருப்பது அந்த அறையில். அதன் தரையிலிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் தலைமுடி அகலத்தில் ஒரு வழி இறங்குகிறது. கடிக்கிற முகத்தில் துளை போட்டு, கூரையை மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டால் அதற்கு அடியில் கெட்டது தங்கிவிடும், வழியின் வாயும் மறைந்துவிடும். ஆசைப்பட்டு அதிகம் தோண்டினால் தரை பொத்துக்கொள்ளும், பிறகு பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாடு. வயது ஆக ஆகக் கூரை இறங்கும், தரை ஏறும், நடுவில் இடமே இருக்காது. சுவர் வெளுப்பு, தரை கறுப்பு. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்கிறார்கள். என் பல்லில் அவள் போட்ட துளை முக்கோணமாக இருந்தது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு வழி. ஊசி மாதிரி மெல்லிய அரங்களை அவற்றில் விட்டுத் தேய்த்து, மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபின் சில நாள் சுகமாக இருந்தது. பிறகு டீ குடித்தபோது மறுபடியும் வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் மழுங்கல். ஆனால் அதே இழுப்பு, அதே காது. ஸ்டெல்லா ஒன்றும் கேட்காமல் என் டீயை மட்டும் இரண்டு தரம் கூடுதலாக ஆற்றி வைத்தாள். கறியை எனக்கு மட்டும் சின்னதாக நறுக்கினாள். அவள் அன்பாகத்தான் செய்தாள். எனக்கோ அந்தச் சின்னத் துண்டுகளைப் பார்த்தாலே பயமாக இருந்தது. குழைத்த சோறு இப்படித்தான் வந்து சேரும் போலிருக்கிறது.

தாஸ் கறாராகச் சொல்லிவிட்டான். "இன்னொரு தபா போய்ட்டு வா. அதோட சரி. அப்பவும் வலிக்குதுன்னு சொன்னீன்னா அங்கயே புடுங்கிக்கினு வந்துடு. ஸ்டெல்லாவும் எவ்ளோ நாள்தான் லீவு போடும்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கோ வலியைச் சொன்னால் பல் போகும், சொல்லாவிட்டால் பல் தங்கும் என்று ஆகிவிட்டது. அந்த நினைப்போடுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சின்ன டாக்டர் சந்தோஷமாக இருந்தாள். "மூணு வழியும் நல்லா சுத்தமாயிடுச்சு பாட்டி. இன்னைக்கே நிரந்தரமா அடைச்சுடலாம். இப்ப வலி இல்லைதானே?"

இல்லை என்ற சொல் வாயில் தயாராக இருந்தது. இத்தனை வருஷம் பழகிய சொல். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பல்லுக்கு மேலே தொப்பி மாதிரி உறை போட்டு அனுப்பியிருப்பார்கள். உள்ளே இருப்பது உள்ளேயே அழுகியிருக்கும். அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிளாஸ்டிக் பல்லைப் பார்த்தவள் அல்லவா நான்.

"இருக்குது" என்றேன்.

"லேசாவா?"

"லேசா இல்லமா. சூடா பட்டா இழுக்குது. முழுங்கினப்புறமும் நிக்குது. காது வரைக்கும் ஏறுது. மொதல்லேர்ந்தே இப்படித்தான். நான்தான் சொல்லல."

கதவோரம் நின்ற ஸ்டெல்லா என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பெரிய டாக்டர் வந்தார். இந்த முறை நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கன்னப் பக்கத்து முன் வேருக்குள்ள நெறைய பேருக்கு ரெண்டு வழி இருக்கும். ரெண்டாவது ஒளிஞ்சிருக்கும். அதுலதான் நரம்பு மிச்சம் இருக்குன்னு நெனைக்கிறேன். தேடிப் பாக்கணும்."

"கெடைக்கலன்னா?"

"எடுக்கற மாதிரி வரலாம். தேடும்போது தரை பொத்துக்கிட்டாலும் அப்படித்தான். உறுதி சொல்ல முடியாதுமா. வீட்ல பேசிட்டு வரீங்களா? பையன் என்ன சொல்வாரு?"

"பல்லு என்னுது சார். தேடுங்க."

அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. முகமூடி போட்டிருந்தார்.

பெரிய கண்ணாடிக் குழாய்கள் வைத்த மிஷின் ஒன்றை என் தலைக்கு மேலே இழுத்தார். சின்னதைப் பெரிதாக்கிக் காட்டுகிற மிஷின். எதிரே டிவியில் என் பல் தெரிந்தது. கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. முக்கோணத்தின் இரண்டு மூலைகளுக்கு நடுவில், சுவரிலிருந்து வெளுப்பாக ஒரு திட்டு தரைமேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இருக்கலாம் என்றார். அதைத் துளித் துளியாகச் சுரண்ட வேண்டும்.

"மொதல்ல மரத்துப்போற ஊசி இல்லாமக் கொஞ்சம் தேடறேன். எங்கயாவது பட்டா உடனே கையத் தூக்கணும். தாங்கக் கூடாது. புரியுதா?"

தலையாட்டினேன்.

சுரண்டினார். கழுவினார். மறுபடி சுரண்டினார். சின்ன டாக்டர் பக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் நின்றாள். வெளுப்புத் திட்டு குறைந்துகொண்டே வந்தது, தரையின் கறுப்பு தெரிந்துகொண்டே வந்தது. மெல்லிய கம்பி முனையால் தரையை அங்கங்கே தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. இன்னொரு இடம். ஒன்றுமில்லை. மறுபடி சுரண்டினார். 'போதும், தரை மெலியுது' என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அடுத்த தொடுகையில் சுள்ளென்றது.

கையைத் தூக்கினேன். கயிறு பிடித்த வலது கையைத்தான் தூக்கினேன். அது தானாக எழவில்லை. நான்தான் தூக்கச் சொல்லி அதைத் தூக்க வைத்தேன்.

"அங்கயா?"

இன்னும் உயரத் தூக்கினேன்.

"பாரு" என்றார் அவளிடம். "அதுதான்."

அப்புறம் ஊசி போட்டார்கள். மிக மெல்லிய அரம் ஒன்று அந்தப் புள்ளிக்குள் இறங்கியது. இறங்கி, நின்று, மறுபடி இறங்கியது. முக்கோணம் இப்போது சாய்ந்த நாற்கோணமாகிவிட்டது என்று டிவியில் காட்டினாள் சின்ன டாக்டர். அவள் கண் கலங்கியிருந்தது. "ஏம்மா, உனக்கு வலிக்குதா?" என்று கேட்கத்தான் நினைத்தேன். ரப்பர்த் தாள் விடவில்லை.

பிறகு வந்த ஒரு நாளில் நான்கு வழிகளையும் ரப்பர் மாதிரி ஒரு மருந்தால் நிரப்பினார்கள். எக்ஸ்ரேயில் நான்கு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. அதற்குள் டீயைப் பழைய சூட்டிலேயே குடித்துக்கொண்டிருந்தேன். செலவைப் பற்றிக் கேட்பீர்கள். கல்லூரி ஆஸ்பத்திரியில் வெளியில் ஆவதைவிடக் குறைவுதான். தொப்பிக்கு மட்டும் கொஞ்சம் ஆனது. தாஸ் முணுமுணுக்காமல் கொடுத்தான்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பல்லும் தப்பாது. என்னுடையதே மயிரிழையில்தான் தப்பியது. எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபின் பொறுமைசாலி என்று பேர் வாங்காதீர்கள். அங்கே அந்தப் பேருக்கு ஒரு வேலையும் இல்லை.

தொப்பி மாட்டுகிற நாளன்று தாஸே ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனான். பல்லின் நிறத்திலேயே செய்திருந்தார்கள். சின்ன டாக்டர் அதைப் பொருத்தி, கடித்தால் மை ஒட்டுகிற நீலத்தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவில் வைத்தாள்.

"கடிங்க பாட்டி. உயரமா இருக்கா?"

"ஆமாமா. கன்னப் பக்கம் தூக்கலா இருக்குது."

நீலம் பட்ட இடத்தை ராவினாள். மறுபடி கடிக்கச் சொன்னாள்.

"இப்ப?"

"இன்னும் இருக்குது."

ராவினாள். "இப்ப?"

"கொறஞ்சிருக்குது. சரியாவல."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கதவைத் திறந்து தாஸ் எட்டிப் பார்த்தான். "ஏம்மா, போதும்னு சொல்லேன். அவங்களுக்கு வேற வேலை இல்லியா?"

"நீ போய் வண்டியில குந்து" என்றேன். அவளிடம், "நீ ராவுமா, நான் சொல்றேன்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே மறுபடி மிஷினை எடுத்தாள். ராவினாள், தாளை வைத்தாள். மெதுவாகக் கடித்தேன். மேல் பல் கீழ்ப் பல்லின்மேல் இறங்கி, எந்தப் பக்கமும் இடிக்காமல் உட்கார்ந்தது. இன்னொரு தரம் கடித்தேன். பக்கவாட்டில் அரைத்தும் பார்த்தேன்.

"இப்ப சரி" என்றேன்.